இரண்டு ஷட்ஜம்

ஜூன் 9

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நான் மேடையை விட்டு எழுந்து போன பிறகும் நாற்பது நிமிடம் பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கியவளுக்கு நலத்தில் என்ன குறை இருக்கப்போகிறது.

நமக்குப் பக்கவாஜ் மத்தளம் வாசிக்கிறவர் நேற்று வந்தார். நான் மேடையில் விட்டுவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். "சின்னவங்க ஒருவழியா சமாளிச்சு முடிச்சிட்டாங்கம்மா" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார், பாவம். ஆலாபனை முடிகிறவரை அவருக்கு வேலையில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர். நடந்ததை அவரைவிடத் தெளிவாகப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். மத்தளத்தில் பூசியிருந்த மாவு காய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். நல்ல மனிதர்.

நான் சொல்கிறேன் என்ன நடந்தது என்று. நான் கீழ் ஷட்ஜத்தில் வந்து நின்றேன். இருபத்திரண்டு வருடமாக நான் நின்ற இடத்தில் நீ வந்து சேருவாய், இரண்டு குரலும் ஒன்றாகும், அதற்குப் பிறகுதான் நாம் அங்கிருந்து நகருவோம். அன்றைக்கு நீ சேரவில்லை. எனக்கு ஒரு மயிரிழை மேலே நின்றாய். நின்றாய் என்றால் தவறி நின்றது இல்லை. மூச்சு தீரும்வரை நின்றாய். மறுபடி மூச்செடுத்து மறுபடி அங்கேயே நின்றாய். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சுருதி பிசகுவது உனக்குப் புதிதில்லை. மூன்று வருடமாக உன் குரல் இழுத்துக்கொண்டு கீழே போகிறது என்று எழுதாத பத்திரிகை இல்லை. அத்தனையையும் நான் மூடி மறைத்தேன். வலப்பக்கம் உன் இடம். திடீரென்று அது வேண்டாம், இடப்பக்கம்தான் வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் அடம்பிடித்தாயே, அதற்கும் விட்டுக்கொடுத்தேன். அன்று ஒரே ஒரு நாள் என் பழைய இடத்தில் உட்காருகிறேன் என்றேன். அதற்கா இது?

மாடியைக் காலி செய்துவிட்டுச் சாவியை மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கடைக்காரர் அதை இருமல் மருந்தோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. பள்ளிக்கூட விடுதியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்திப் பாட வைக்கிற வேலை. யாரும் யாரோடும் சேருவதில்லை. அதனால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

நான் நின்ற ஷட்ஜம்தான் சரியான ஷட்ஜம் அக்கா.

இதை எப்படி எழுதினாலும் உனக்குக் குத்தும். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் வலது காதில் கோளாறு இருக்கிறது. அந்தக் காதுக்குத் தம்புரா இருப்பதைவிடக் கொஞ்சம் கீழே கேட்கிறது. நீ அதை நம்பி அங்கே போய் நிற்கிறாய். வீட்டில் தம்புராவை வலது தோளில் சாய்த்துக்கொண்டு பாடும்போது எப்போதும் இறங்கும். மேடையில் நீ இடப்பக்கம் உட்கார்ந்தால் தம்புராவும் நானும் உன் வலது காதுப் பக்கம் வந்துவிடுகிறோம். அதற்காகத்தான் உன்னை வலப்பக்கம் தள்ளிவிட்டு உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அடம் இல்லை. அடம் என்று நீ நினைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு இது இரண்டு வருடமாகத் தெரியும்.

அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தில் செய்யவில்லை. அன்று காலை, தங்கியிருந்த இடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பேப்பர் கிடந்தது. அதில் உன் பேட்டி. "தங்கைக்குச் சுருதி நிற்காது. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன்." கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி. எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு தன் தட்டைப் பார்த்தார். சரி, இன்றைக்குத் தாங்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

தம்புராவை இடப்பக்கம் வைத்து ஒரு தடவை பாடிப் பார். எனக்காக இல்லை.

சின்னவள்


ஜூன் 21

சின்னவளுக்கு,

என் காதுக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா. அதைப் பற்றி முதலில் உன்னிடம்தான் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூட அப்புறம்தான் சொன்னேன்.

வெளியே யாரும் தட்டாமல், மீட்டாமல், உள்ளே தானாக ஒலிக்கிற நாதம் ஒன்று உண்டு. ஒரு சுரத்தில் உயிரை வைத்து வருடக்கணக்கில் நின்றால் அது ஒரு நாள் கேட்கும் என்றுதானே நாம் இருவரும் படித்தோம். அதற்குத்தானே விடியுமுன் எழுந்து கீழ் ஸ்தாயியில் கிடந்தோம். எனக்குக் கேட்டது. இப்போதும், இதை எழுதும்போதும் கேட்கிறது. உனக்குக் கேட்கவில்லை. மூன்று வருடமாக உன் முகத்தில் அந்தப் பொறாமையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன்.

உனக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறது என்பதற்காக என் காதையே பழுது என்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். நீ ஒரு படி மேலே போய் அக்கா காது கோணல் என்கிறாய்.

தம்புராவை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

பொறாமை இருந்தது. மறுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்து தணிந்த மூன்றாம் நாள். மாடிக்கு ஏறி வந்தாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "வந்துடுச்சுடி" என்றாய். யார் என்று கேட்டேன். வலது காதைத் தொட்டுக் காட்டினாய். "நிக்கவே இல்ல. மூச்சு விடாம ஒரே சுரம்." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்றுதான் நீ நினைத்தாய். பாதி அதுதான்.

அன்றிலிருந்து நானும் தினமும் விடியலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் ரத்த ஓட்டம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் உன் ஷட்ஜம் இறங்க ஆரம்பித்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நீ தப்பு என்று தோன்றவே இல்லை. உள்ளே நாதம் கேட்கிறவள் நிற்கிற இடம்தான் சரி, தம்புரா தப்பு, நான் தப்பு என்று நினைத்தேன். நீ இறங்கிய இடத்துக்கு நானும் இறங்கி வந்து சேர்ந்தேன். ஒரு வருடம் முழுக்க அப்படி இறங்கினேன். நீ முதலில் போய் நிற்பாய், நான் பின்னால் வருவேன். கேட்பவர்களுக்கு நான்தான் இழுப்பதுபோல இருக்கும். பத்திரிகையில் எழுதினார்கள். நீ என்னைக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாட வைத்தாய். பாடினேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் தெரிந்தது. நீ தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாய். பதிவு செய்கிற ஆள் திரையைக் காட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்தேதான் இறங்கறீங்க. ஆனா மூத்தவங்க முதல்ல இறங்கறாங்க, நீங்க அவங்களைப் பாத்து இறங்கறீங்க. ஏன்?" என்றார். திரையில் நம் சுருதியைக் காட்டும் இரண்டு கோடு, ஒரு பச்சை, ஒரு மஞ்சள். நான் பதில் சொல்வதற்குள் நீ கதவைத் திறந்து வந்துவிட்டாய். அவர் திரையை மாற்றிவிட்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாட்டை விட்டுவிடுவாயோ என்ற பயம் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குள் நான் ஒரு வருடம் இறங்கிப் பாடிவிட்டேன். உனக்குக் கோளாறு என்றால், நான் நம்பியது என்ன ஆவது. அந்தப் பயம்தான் பெரிது என்று இப்போது தெரிகிறது.

காது டாக்டரிடம் ஒரு தடவை போய் வா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவள்


ஜூலை 29

சின்னவளுக்கு,

போய்விட்டு வந்தேன்.

உன் பேச்சைக் கேட்டுப் போகவில்லை. ஒரு நாள் காலை தம்புராவைத் துடைப்பதற்காக இடது தோளுக்கு மாற்றினேன். சும்மா ஒரு தடவை மீட்டினேன். வேறு தம்புரா போல இருந்தது. வலது தோளுக்கு மாற்றினேன். பழைய தம்புரா. இப்படியே மாற்றி மாற்றி மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து சாப்பிடவில்லையா என்று கேட்டார். வண்டியை எடுங்கள் என்றேன்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. ஓர் ஆள் உட்காரலாம். காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதில் அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு மாறியதும் இரண்டு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுத்துவதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய நேரம் ஆனது. கேட்காத சத்தத்துக்கு எப்படி அழுத்துவது.

டாக்டர் உன் வயதுதான் இருக்கும். கேள்விக்குக் கேள்வி நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

"இந்த ரீங்காரம் எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு வருஷம்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "மூணு வருஷமா? ஏன் வரல?"

என்ன சொல்வேன். இது ஞானம் என்று நினைத்து வைத்திருந்தேன், அதனால் மருந்து வாங்க வரவில்லை என்றா? "வேலை இருந்துச்சு" என்றேன்.

காய்ச்சலில் உள்காது நரம்பு அடிபட்டிருக்கிறதாம். "ஒரு காதுல ஒரு சுரமும் இன்னொரு காதுல இன்னொரு சுரமும் கேக்கும். பாடறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து இருந்துச்சும்மா. எல்லாருக்கும் சரியாகும்னு சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு ஆயிருக்கு" என்றாள். இனிமேல் என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தாள். எழுதிய கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு துண்டுத்தாள் கொடுத்தாள். அதில் ஒரு காதைப் படம் வரைந்து அதைச் சுற்றி மணிகள் போட்டிருக்கிறது. எனக்குக் கேட்பதற்கு அதில் பெயர் போட்டிருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டுமாம்.

தெரிந்துகொண்டே இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாய். இடத்தை மாற்றினாய், குரலை இறக்கினாய், எல்லாம் செய்தாய். "அக்கா, உன் காதைக் காட்டு" என்று ஒரு வார்த்தை வரவில்லை. மேடைவரைக்கும் காத்திருந்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, சொல்லாமல் சொன்னாய். எதிரியாக இருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பான்.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்தேன். அடுத்த வகுப்புக்குப் போகவில்லை.

எனக்கு உன் கோளாறு தெரிந்தபோது காய்ச்சல் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மருந்துக்கு நாள் கடந்திருந்தது. இதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அந்தக் கடிதத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு உறையைப் பிரித்தேன்.

ஏனென்றால் அந்த இரண்டு வாரத்தில் நான் இருந்தேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். நாம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? மாடி ஜன்னலையெல்லாம் சாத்தினோம். இரண்டு கச்சேரியை வேண்டாம் என்றோம். நீ சாய்ந்து உட்காருவாய், என்ன கேட்கிறது என்று நான் கேட்பேன், நீ சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். வாழ்க்கையில் நாம் சண்டை போடாமல் இருந்தது அந்தப் பதினைந்து நாள்தான் என்று நினைக்கிறேன்.

காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து காட்டச் சொல்லியிருந்தார். நீ கிளம்பினாய் அக்கா. செருப்புகூடப் போட்டுவிட்டாய். "தலை கொஞ்சம் சுத்துது, காட்டிட்டே வந்துடறேன்" என்றாய். நான்தான் வாசலில் வந்து நின்றுகொண்டு, "எதுக்குக்கா? அவர் ஏதாவது மாத்திரை கொடுத்து இதைக் கெடுத்துடப்போறாரு" என்றேன். நீ சிரித்தாய். செருப்பைக் கழற்றினாய்.

உனக்கு இது மறந்திருக்கும். உன் கடிதங்களில் இது இல்லை. இருந்திருந்தால் நீ எழுதாமல் விட்டிருக்க மாட்டாய். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மேடையில் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதற்குக் கேட்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இங்கே பாட்டு அறையில் பிள்ளைகள் போன பிறகு தனியாகப் பாடுகிறேன். பதிவுக் கூடத்தில் இருந்ததுபோல ஒரு கருவி வாங்கி எதிரே வைத்திருக்கிறேன். கீழ் ஷட்ஜத்தில் நின்றால் கோடு இறங்குகிறது. உன் அளவுக்கு, அதே மயிரிழை. எனக்கு இரண்டு காதும் சரியாக இருக்கிறது. பழகிவிட்டது. மேலே ஏற்றி நிறுத்தினால் திருட்டுத்தனம் செய்வதுபோல இருக்கிறது.

டிசம்பரில் பாட அழைப்பு வந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து வர முடியுமா என்று கேட்கிறார்கள். நீ வலப்பக்கம் உட்கார். நான் இறங்க மாட்டேன், உன்னை விட்டுவிட்டு மேலேயும் நிற்க மாட்டேன். உனக்கு இறங்கினால் முழங்காலைத் தொடுகிறேன், நீ ஏற்றிக்கொள். வருவாயா?

சின்னவள்


செப்டம்பர் 14

சின்னவளுக்கு,

செருப்பு விஷயம் எனக்கு மறக்கவில்லை. அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம், நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரிந்துதான் உன் கண்ணில் படும்படி வாசலில் நின்று செருப்பு மாட்டினேன். போக வேண்டும் என்று இருந்திருந்தால் பின்வாசல் இருக்கிறது. அதனால் அந்தப் பழி முழுக்க உனக்கு வேண்டாம். பாதி என்னுடையது. பாதியை நீ வைத்துக்கொள். அதை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

என்னிடம் பாடம் கேட்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். நான் நாதம் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் காது வியாதி, டாக்டர் சீட்டு இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்றேன். நாலு பேர் பாடத்துக்கு வராமல் நின்றுவிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். மீதிப் பேர்தான் தலைவலி. அந்த வங்கிக்காரம்மா, "டாக்டருக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? உங்க அடக்கம் அப்படிச் சொல்ல வைக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பொய் சொன்னபோது அரை மனதாகக் கேட்டவள், உண்மையைச் சொன்னதும் முழுசாக நம்பிவிட்டாள். அவள் நம்புவது அந்தப் பொய்யை.

டிசம்பருக்கு வரமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. நீ எழுதியதை நாலு நாள் யோசித்தேன். முழங்காலைத் தொட்டால் ஏற்றிக்கொள்வேன், அது என்னால் முடியும். தொடாதபோது என்ன செய்வேன்? சரியாக இருப்பதால் தொடவில்லையா, என்னைப் பார்த்துப் பாவம் என்று தொடவில்லையா என்று பார்ப்பேன். நீ வந்து என் சுரத்தில் சேரும்போதெல்லாம், உண்மையாகச் சேர்ந்தாளா, எனக்காகச் சேர்ந்தாளா என்று பார்ப்பேன். ஒரு சுரத்தில் கால்மணி நேரம் நிற்கிற பாட்டு நம்முடையது. சந்தேகத்தோடு அங்கே அவ்வளவு நேரம் நிற்க முடியாது. நீ பொய்யாகச் சேர்ந்த அந்த இரண்டு வருடத்தில்தான் நாம் நன்றாகச் சேர்ந்து பாடுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குத் தீரவில்லை.

நீ தனியாகப் பாடு. கருவியைத் தூக்கிப் போடு. கோட்டைப் பார்த்துப் பாடினால் கோடுதான் சரியாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பாடினேன். பெரிய இடம் இல்லை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கூடம், அறுபது நாற்காலி, பாதி காலி. ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், எனக்கு வலது காது போய்விட்டது, தம்புராவை இந்தப் பக்கம் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான் என்று. எல்லோரும் இரக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாட வேண்டியிருந்தது. பாதி ஆலாபனையில் எனக்கு இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஓரத்தில் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த மைக் ஆள் மட்டும் புளியைக் கடித்ததுபோல முகத்தைச் சுளித்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றினேன். அவன் முகம் சரியாகும் இடத்தில் நிறுத்தினேன். அதற்கப்புறம் கடைசிவரை அவனைப் பார்த்தே பாடினேன்.

முடிந்ததும் போய்ப் பாட்டுப் படித்திருக்கிறாயா தம்பி என்று கேட்டேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. என்னமோ உறுத்துச்சு. மூஞ்சி அப்படிப் போயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டான்.

மூன்று வருடத்தில் என் எதிரே முகம் சுளித்த முதல் ஆள். அவனுக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். அடுத்த மாதக் கச்சேரிக்கும் அவனையே போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா